'மா' என்னும் ஓரெழுத்தொருமொழி

ஓரெழுத்தே தனித்து நின்று பொருள் தருமாயின் அதனை ஓரெழுத்தொருமொழி என்பர். இத்தகையன 42 எனப் பவணந்தி முனிவர் நன்னூலிலே தொகுத்துக் கூறினார். அவற்றுள் ஒன்றாகிய 'மா' என்பது மரம், விலங்கு, அரைத்த பொடி, கருமை, பெருமை, பின்னவளவு முதலிய பொருள்களைத் தருகின்றது. இதனைப் பலபொருளொருசொல் எனக் கூறி அமைதல் எளிது. ஆயினும், ஒரு சொல்லே பல பொருளாய் விரிந்ததோ, அன்றி வேறுவேறு சொற்கள் ஓரொலியில் வந்து கூடினவோ என்பது ஆராயற்பாலது.

இவ்வாராய்ச்சிக்குப் புணர்ச்சியிலக்கணம் பெருந்துணையாகும். மரத்தைக் குறிக்கும் மா, வல்லெழுத்து வருமிடத்து அதன் இனமெல்லெழுத்தைப் பெறும்: மாங்காய், மாந்தளிர், மாம்பழம். விலங்கைக் குறிக்கும் மா அவ்வாறன்றி, பசுவைக் குறிக்கும் 'ஆ' என்பது ஆன்கோடு என வருதல்போல, னகரம் பெற்று மான்கோடு என வருமெனத் தொல்காப்பிய உரையாசிரியர் காட்டுவர். பொடியைக் குறிக்கும் மா, மாப்பொருள், மாப்பண்டம் என வல்லெழுத்து மிகப்பெறும். பெருமையைக் குறிக்கும் மாவோ மாகடல், மாதவம் என இயல்பாகவே புணரும். ஒலியால் ஒன்றாயினும் இவை வெவ்வேறு சொற்களே என்பதற்கு இவ்வேறுபாடே தக்க சான்றாம்.

இனி, இவற்றின் வழக்கையும் வரலாற்றையும் நோக்குவோர்க்கு மேலும் சில உண்மைகள் புலனாகும். மாமரத்தை மலையாளத்தாரும் கன்னடத்தாரும் மாவு என்பர். தெலுங்கர் மாமிடி என்பர். மலையாளக் கரையில் வழங்கிய மாங்காயின் பெயர் போர்த்துக்கேயர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, ஆங்கிலத்தில் 'மாங்கோ' என நின்றது.

விலங்கைக் குறிக்கும் மா, செய்யுளிற் சிறப்பாகக் குதிரையையும் உணர்த்தும். தொல்காப்பிய மரபியல் மாவையும் மாக்களையும் ஐயறிவுடையனவாகவும், மக்களை ஆறறிவுடையராகவும் வகுக்கின்றது. ஆதலின் மாக்கள் என்பதை மக்கள் என்பதன் பிழைவடிவெனக் கருதித் திருத்துதல் தவறாகும். சங்கச் செய்யுளில் அச்சொல் மாந்தர் என்னும் பொதுப்பொருளிலும் வருதலின், எவ்விடத்தும் இழிவுப்பொருள் கொள்ளுதலும் தவறேயாம்.

பொடியைக் குறிக்குஞ் சொல் தமிழ்நாட்டிற் பெரும்பாலும் மாவு என உகரம் பெற்று வழங்குகின்றது. இலங்கைத் தமிழரோ அரிசிமா, குரக்கன்மா, ஒடியல்மா என ஓரெழுத்து வடிவையே பேச்சிலும் போற்றி வருகின்றனர்.

பழைய கணக்கில் மா என்பது 1/20 ஆகும். அதனோடு 1/80 ஆகிய காணியைக் கூட்ட 1/16 வரும், அதுவே மாகாணி. சோழநாட்டு நிலவளவில் 20 மா கொண்டது ஒரு வேலி.

பெருமைப்பொருளில் வருவனவற்றுள் மாதேவி, மாபலி முதலியன 'மகா' என்னும் வடசொல் குறுகியமைந்தவை. திருமகளைக் குறிக்கும் மாவும் வடசொல்லே. கருமைப்பொருளில் வரும் மாவோ மாமை, மாயோன் என்னுந் தமிழ்ச்சொற்களோடு உறவுடையது. எனவே, 'மா' முழுதும் தமிழென்றோ, முழுதும் வடமொழியென்றோ ஒரே தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது.

புணர்ச்சியும் எல்லாவிடத்தும் ஐயத்தைப் போக்குவதில்லை. மாகடல் என்பது பெருங்கடலும் ஆகலாம், கருங்கடலும் ஆகலாம். ஆண்டு முன்னும் பின்னும் நின்ற சொற்களே பொருளைத் தெளிவிக்கும். அகராதியிற் கண்ட முதற்பொருளையே எங்கும் பொருத்தி உரைகூறுவோர், புலவன் கருதியதைக் கைவிட்டுத் தாம் கருதியதைக் கூறியவராவர். எந்த மா எனத் தேர்ந்து கொள்ளுதலே செய்யுள் கற்போர்க்கு முதற்கடனாகும்.