வெளிநாட்டுப் பட்டம்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

வளைகுடாவில் குடும்பத்தோடு இருக்கும் நம்மவர்களுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஒரு கவலை தொற்றிக்கொள்ளும். பிள்ளையைத் தனியாக ஊருக்கு அனுப்புவதா, இங்கேயே சேர்ப்பதா? ஊரில் இருக்கும் குடும்பங்களுக்கோ வேறு கவலை. "மலேசியாவில் படித்தால் இங்கிலாந்துப் பட்டம்" என்று ஏஜெண்ட் சொல்வதை நம்பலாமா?

ஒரு நாட்டின் பல்கலைக்கழகம் இன்னொரு நாட்டு மாணவருக்குப் பட்டம் கொடுப்பது புதிதல்ல. லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே தன் கல்லூரிகளில் படிக்காதவர்களுக்கும் தேர்வைத் திறந்துவிட்டது. இன்று இது மூன்று வகையாக நடக்கிறது. வேறுபாடு தெரியாமல் சேர்ந்துதான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதல் வகை, கிளை வளாகம். பல்கலைக்கழகமே இன்னொரு நாட்டில் வளாகம் கட்டி, பாடம் நடத்தி, பட்டமும் தருகிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் 1998-லும், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் 2000-லும் மலேசியாவில் தொடங்கின. துபையில் பிட்ஸ் பிலானி 2000-லும், ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் 2005-லும் வந்தன. நம் சென்னை ஐஐடி 2023-இல் தான்சானியாவின் சன்சிபார் தீவில் வளாகம் திறந்தது. வெளிநாட்டில் திறந்த முதல் ஐஐடி அதுதான். அங்கே படித்தாலும் சென்னை ஐஐடியின் பட்டமே கிடைக்கும்.

இரண்டாவது, உள்ளூர்த் தனியார் கல்லூரி பாடம் நடத்த, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தன் பெயரில் பட்டம் தரும் 'ஃபிரான்சைஸ்' முறை. மூன்றாவது, வீட்டிலிருந்தே படிக்கும் ஆன்லைன், தொலைநிலைப் படிப்பு.

ஏஜெண்ட் இந்த மூன்றையும் "ஃபாரின் டிகிரி" என்ற ஒரே பெயரில்தான் விற்பார். இந்தியாவில் மதிப்பு அப்படி ஒன்றல்ல. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைச் சான்று வழங்க யுஜிசி 2025-இல் விதிமுறை வெளியிட்டது. அதன்படி ஃபிரான்சைஸ் முறையில் பெற்ற பட்டத்துக்கு இணைச் சான்று கிடையாது. கிளை வளாகம் என்றால், அது இருக்கும் நாடு, தாய்ப் பல்கலைக்கழகத்தின் நாடு இரண்டின் அங்கீகாரமும் அந்தப் படிப்புக்கு வேண்டும். சான்று இல்லையென்றால் ஊர் திரும்பி மேற்படிப்புக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் சிக்கல் தெரியவரும். அதற்குள் மூன்று நான்கு வருடங்களும், உம்மாவின் நகையும் போயிருக்கும்.

மருத்துவம், மருந்தியல், நர்சிங், சட்டம், கட்டடக்கலை ஆகியவை இந்த யுஜிசி விதிக்குள் வரா. அவற்றுக்கு அந்தந்த கவுன்சிலின் விதியே பொருந்தும். வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்றால் நீட் தேர்ச்சி கட்டாயம். 2021 விதிப்படி 54 மாதங்களுக்குக் குறையாமல் ஆங்கில வழியில் படித்து, அங்கேயே 12 மாதப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். பிறகு இந்தியாவில் தகுதித் தேர்வும் உண்டு.

ஆகவே, பணம் கட்டும் முன் நாம் கேட்க வேண்டியவை:

1. பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்? பாடம் நடத்துவது அதுதானா, வேறு கல்லூரியா?

2. அந்த நாட்டின் அங்கீகாரம் உண்டா? ஏஜெண்ட் காட்டும் தாளைப் பார்த்து முடிவு செய்யாமல், அரசின் இணையதளத்தில் நாமே தேட வேண்டும். துபையில் இதைக் கவனிப்பது கே.ஹெச்.டி.ஏ. என்ற கல்வி ஆணையம். தாய்ப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் அந்த வளாகத்தின் பெயர் இருக்க வேண்டும்.

3. இந்தியாவில் இணைச் சான்று கிடைக்குமா? ஆன்லைன் படிப்பென்றால் இதைச் சேரும் முன்பே யுஜிசியிடம் விசாரித்துவிட வேண்டும்.

4. மொத்தச் செலவு எவ்வளவு? கல்விக் கட்டணத்தோடு தங்குமிடம், விசா, காப்பீடு, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து எல்லா வருடங்களுக்கும் கணக்கிட வேண்டும். முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்த்துவிட்டு, நடுவில் வட்டிக் கடன் வாங்கும் நிலைக்குத் தள்ளப்படும் குடும்பங்கள் நம்மில் உண்டு.

5. பாதியில் நின்றால் பணம் திரும்புமா? வளாகம் மூடப்பட்டால் தாய் வளாகத்தில் படிப்பைத் தொடரலாமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நல்ல கிளை வளாகங்கள் நமக்கு ஒரு வாய்ப்பு. குறிப்பாக, பெண் பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்கி பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிடும் வளைகுடாக் குடும்பங்களுக்கு, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் பட்டப்படிப்பு கிடைக்கிறது. அந்த வாய்ப்பைத் தவறவிட வேண்டாம். விசாரிக்காமலும் சேர வேண்டாம்.