பத்தில் ஒருவர்

எங்கள் ஊர்ப் பள்ளியில் முதலாவதாகத் தேறியவன் நான். ஆனால் கல்லூரியில் இடம் கேட்டு நின்றபோது அந்த முதலிடம் யார் கண்ணிலும் படவில்லை. மதிப்பெண் மட்டுமே பார்க்கப்பட்டது. வகுப்பில் பெற்ற தரவரிசையைக் கொண்டே இடமளிக்கும் முறை எங்கேனும் உண்டா என்று தேடினேன். உண்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில்.

அங்கே பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருதலாகாது என்று 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே, 1997இல், மாநிலச் சட்டமன்றம் வேறு வழி கண்டது. ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் இறுதி வகுப்பில் முதல் 10 விழுக்காட்டினுள் வருவோர்க்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. செல்வர் வாழும் நகர்ப் பள்ளியாயினும், சிற்றூர்ப் பள்ளியாயினும் கணக்கு ஒன்றே. மாணவன், தன்னோடு ஒரே கூரையின்கீழ்ப் பயின்றவர்களோடுதான் ஒப்பிடப்படுகிறான்.

குறையும் உண்டு. கடும் போட்டியுள்ள பள்ளியில் நூற்றுக்குப் பதினோராவதாக வருபவன் திறமையற்றவனா? ஆஸ்டின் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான இடங்கள் இவ்வழியிலேயே நிரம்பியதால், அங்கு மட்டும் இதற்கு 75 விழுக்காடு என 2009இல் வரம்பிட்டனர். மேலும், சட்டம் இடத்தைத்தான் தருகிறது, கட்டணத்தைத் தரவில்லை.

ஆயினும் எனக்கு ஒன்று விளங்கியது. மதிப்பெண், மாணவன் எவ்வளவு கற்றான் என்பதைக் காட்டும். தரவரிசையோ, தனக்குக் கிடைத்த பள்ளியில், கிடைத்த வசதியில் அவன் என்ன செய்தான் என்பதைக் காட்டும். இரண்டையும் பார்ப்பதன்றோ நீதி?