நிபந்தனைக் கோவையும் வெற்றுப் புலமும்: அந்தமான் நிகோபார் மொழித் தரவுகளை முன்வைத்து

1. முன்னுரை

மொழித் தரவுகளைத் தொகுத்துப் பேணும் பணி இன்று பெரும்பாலும் மேசைக் கணிப்பொறியில் இயங்கும் தரவுத்தள மென்பொருள்களின் வழியே நடைபெறுகிறது. கள ஆய்வில் திரட்டிய சொற்கள், பேசுவோர் தொகை, ஒலிப்பதிவு எண் ஆகியன அட்டவணையின் தனித்தனிப் புலங்களில் இடம்பெறுகின்றன. இவ்வாறு இடம்பெற்ற தரவுகளிலிருந்து வகைப்பாடு, விழுக்காடு, கூட்டுத்தொகை முதலியவற்றைப் பெறுவதற்கு நிபந்தனைக் கோவை பெரிதும் துணைசெய்கிறது. இக்கோவை மூன்று உறுப்புகளே கொண்ட எளிய அமைப்புடையது. எனினும் அதன் மூன்றாம் உறுப்பைத் தவறாகப் பொருள்கொள்வதால், அறியப்படாத ஒன்று அறியப்பட்டதாகவே பதிவாகிவிடும் நிலை ஏற்படுகிறது. அவ்வுறுப்பின் இயல்பையும், அதனைத் தமிழில் பெயர்க்கும் முறையையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அந்தமான் நிகோபார் தீவுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களும் மொழிப் பதிவுகளும் இங்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. மிகச் சிறிய எண்கள், தொலைவிலிருந்து கண்டு குறித்த எண்கள், இனித் திருத்த இயலாத பதிவுகள் ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்படும் இடம் அது.

2. கோவையின் அமைப்பு

கணிப்பொறி மொழிகளில் நிபந்தனை இரு வகையாக அமையும். ஒன்று, ஒரு செயலைச் செய்யுமாறு ஏவும் நிபந்தனைக் கூற்று. மற்றொன்று, இரண்டு மதிப்புகளுள் ஒன்றைத் தேர்ந்து விடையாகத் தரும் நிபந்தனைக் கோவை. முன்னது ஏவல் வாக்கியத்தை ஒக்கும். பின்னது பெயர்த்தொடரைப் போல் நின்று, ஒரு மதிப்பு நிற்கக்கூடிய எவ்விடத்திலும் அமையும். ஜான் மெக்கார்த்தி 1960ஆம் ஆண்டு வெளியிட்ட லிஸ்ப் மொழி பற்றிய கட்டுரையில் நிபந்தனைக் கோவை அடிப்படைக் கருவிகளுள் ஒன்றாக விளக்கப்பட்டது. இன்றைய தரவுத்தள மென்பொருள்களில் அக்கருத்தே வெவ்வேறு பெயர்களில் வழங்குகிறது. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் மென்பொருளில் அது 'ஐஇஃப்' எனப்படும். எஸ்கியூஎல் வினவல் மொழியில் 'கேஸ்–வென்–தென்–எல்ஸ்' என்னும் தொடராக அமையும்.

அதன் பொது வடிவம் வருமாறு:

ஐஇஃப் (நிபந்தனை, உண்மையாயின் பெறும் மதிப்பு, பிற நிலையில் பெறும் மதிப்பு)

இவ்வரிசை தமிழ்த் தொடரமைப்புக்கு இயல்பாகப் பொருந்துவது. தமிழில் நிபந்தனை முன்னரும் விளைவு பின்னரும் வருவதே பெருவழக்கு. தொல்காப்பியமும் நன்னூலும் 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தைக் குறிப்பிடுகின்றன. இக்காலத் தமிழில் அவ்விடத்தை '-ஆல்' ஈற்று வடிவமும், 'எனில்', 'ஆயின்' என்பனவும் நிரப்புகின்றன. ஆகவே முதல் இரண்டு உறுப்புகளைத் தமிழாக்குவதில் பெரும் இடர்ப்பாடு இல்லை. 'வென்' என்பதைக் காலப்பொருளில் 'எப்போது' எனப் பெயர்ப்பது மட்டும் தவிர்க்கத்தக்கது. அங்குக் குறிக்கப்படுவது காலமன்று, நிபந்தனையே. இடர்ப்பாடு மூன்றாம் உறுப்பில்தான் தோன்றுகிறது.

3. ஒரே எல்லை, இரு விளைவுகள்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணைகள் நிபந்தனைக் கோவைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதல், அனைத்திந்திய அளவில் பத்தாயிரம் பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகள் வெளியிடப்படும் அட்டவணைகளில் தனித்துக் காட்டப்படுவதில்லை. 'பிற' என்னும் தலைப்பின்கீழ் அவை ஒன்றாகத் தொகுக்கப்படுகின்றன. இவ்விதியைக் கோவையாக எழுதினால் அது பின்வருமாறு அமையும்:

ஐஇஃப் ([பேசுவோர்] >= 10000, "தனித்து", "பிற")

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவ்வகையில் தனித்துக் காட்டப்பெற்ற மொழிகள் 121. அவற்றுள் 22 அட்டவணை மொழிகள். 99 பிற மொழிகள். அந்தமான் நிகோபார் தீவுகளின் பழங்குடி மொழிகளுள் நிகோபாரி மட்டுமே அப்பட்டியலில் இடம்பெறுகிறது. அதனைப் பேசுவோர் 29,099 எனப் பதிவாகியுள்ளது. பெரும் அந்தமானியம், ஓங்கே, ஜாரவா, ஷோம்பென் ஆகியவை தனித்து இடம்பெறவில்லை. அதே கணக்கெடுப்பின் பழங்குடி அட்டவணை, பெரும் அந்தமானியர் 44, ஓங்கேயர் 101, ஜாரவாக்கள் 380, ஷோம்பென்கள் 229 எனத் தனித்தனியே காட்டுகிறது. மக்கள் உள்ளனர் என ஓர் அட்டவணை கூற, அவர்தம் மொழியின் பெயர் மற்றோர் அட்டவணையில் மறைந்து நிற்கிறது.

மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் பொறுப்பில் 2013ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அருகிவரும் மொழிகளின் பாதுகாப்புத் திட்டமும் இதே பத்தாயிரம் என்னும் எல்லையைக் கொண்டது. ஆயின் அங்கு அவ்வெல்லைக்குக் கீழ் நிற்பதே ஒரு மொழி ஆவணப்படுத்தப்படுவதற்குரிய தகுதியாகும். ஒரு கோவையில் 'பிற' என ஒதுக்கப்பட்டது மற்றொரு கோவையில் முதலிடம் பெறுகிறது. நிபந்தனை ஒன்றே, விடைகள் வேறு. மூன்றாம் உறுப்பில் எதனை வைப்பது என்பது கணிதத்தால் முடிவாவதன்று, நோக்கத்தால் முடிவாவது என்பதை இது காட்டுகிறது.

4. 'இல்லையேல்' என்பதன் போதாமை

மூன்றாம் உறுப்பைக் குறிக்கும் 'எல்ஸ்' என்பதைத் தமிழில் 'இல்லையேல்' எனப் பெயர்ப்பது வழக்கம். இல்லை என்னும் எதிர்மறையும் ஏல் என்னும் நிபந்தனை இடைச்சொல்லும் சேர்ந்த இச்சொல், 'கூறிய நிபந்தனை பொய்யாயின்' என்னும் பொருளையே தருகிறது. நிபந்தனை மெய், பொய் என்னும் இரு நிலைகளை மட்டும் உடையதாயின் இப்பெயர்ப்பு முற்றும் பொருந்தும். ஆனால் தரவுத்தளத்தில் மூன்றாவது நிலையொன்று உண்டு. புலத்தில் எதுவும் எழுதப்படாதபோது அது வெற்றுப் புலமாகிறது. வெற்றுப் புலம் சுழியம் ஆகாது. அதனைப் பத்தாயிரத்தோடு ஒப்பிட்டால் வரும் விடை மெய்யுமன்று, பொய்யுமன்று, 'அறியப்படவில்லை' என்பதேயாகும். ஆயினும் கோவை மூன்று விடைகளைத் தருவதில்லை. மெய்யல்லாத அனைத்தையும் அது மூன்றாம் உறுப்புக்கே அனுப்பிவிடுகிறது.

வடக்கு சென்டினல் தீவு மக்களின் மொழியை எடுத்துக்கொள்ளலாம். அம்மொழி ஆராயப்படவில்லை, அதனைப் பேசுவோரின் சரியான எண்ணிக்கையும் எவர்க்கும் தெரியாது. நேர்மையான தொகுப்பாளர் ஒருவர் அப்புலத்தை வெற்றாக விடுகிறார் எனக் கொள்வோம். மேற்காட்டிய கோவை அதனைப் 'பிற' என வகைப்படுத்தும். விடை தற்செயலாகப் பொருந்துவதால் பிழை வெளிப்படுவதில்லை. இனி அதே விதியைத் திருப்பி எழுதலாம்:

ஐஇஃப் ([பேசுவோர்] < 10000, "பிற", "தனித்து")

இரு நிலைகளே உள்ள அளவையியலின்படி இவ்விரு கோவைகளும் ஒரு பொருளன. ஆனால் வெற்றுப் புலம் இப்போது 'தனித்து' என்னும் விடையைப் பெறுகிறது. அதாவது, ஒரு சிறு தீவின் மொழி பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் பேசும் மொழியாகிவிடுகிறது. கணிப்பொறி பிழையேதும் அறிவிப்பதில்லை. இங்கு 'இல்லையேல்' என்னும் சொல் எழுதுபவரையும் படிப்பவரையும் ஒருங்கே மயக்குகிறது. 'மற்றெந்நிலையிலும்' அல்லது 'ஏனைய நிலைகளில்' என்னும் பெயர்ப்பு அம்மயக்கத்தைத் தவிர்க்கும்.

5. நிபந்தனைகளின் வரிசை

ஒரு கோவையின் மூன்றாம் உறுப்பில் மற்றொரு கோவையை அமைக்கலாம். அவ்வாறு அடுக்கும்போது வரிசை முதன்மை பெறுகிறது. 2001, 2011 ஆகிய இரு கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட மாற்றத்தை விழுக்காட்டில் காண்பதாகக் கொள்வோம். ஜாரவாக்கள் 240இலிருந்து 380 ஆயினர். வளர்ச்சி ஏறத்தாழ 58.3 விழுக்காடு. நிகோபாரியர் 28,653இலிருந்து 27,168 ஆயினர். குறைவு ஏறத்தாழ 5.2 விழுக்காடு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட ஆழிப்பேரலை இவ்விரு கணக்கெடுப்புகளுக்கும் இடையில் நிகழ்ந்தது என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. சென்டினல் மக்கள் 39இலிருந்து 15 ஆயினர் எனப் பதிவாகியுள்ளது. கோவை தரும் விடை 61.5 விழுக்காட்டுக் குறைவு.

இம்மூன்றும் ஒரே கோவையிலிருந்து பெறப்பட்டவை. எனினும் ஒரே தகுதியுடையன அல்ல. சென்டினல் மக்களின் எண்ணிக்கை, கடலில் தொலைவில் நின்று, கரையில் காணப்பட்டோரைக் குறித்ததால் கிடைத்தது. 15 என்பது அன்று கண்ணுக்குப் புலப்பட்டோரின் எண்; அம்மக்களின் தொகை அன்று. ஆகவே 61.5 என்பது ஒரு மக்களினத்தின் அழிவையும் காட்டவில்லை, நலத்தையும் காட்டவில்லை. ஜாரவாக்களிடத்தும் இதனைக் காணலாம். 1991இல் 89 எனக் குறிக்கப்பெற்ற அவர்கள் 2001இல் 240 எனப் பதிவாயினர். பத்தாண்டில் 170 விழுக்காட்டளவு பெருகினர் என இதற்குப் பொருள் கொள்ள இயலாது. 1990களின் இறுதிவரை அவர்கள் வெளியாரோடு உறவின்றி வாழ்ந்தமையால், முன்னைய எண் மதிப்பீடாகவே இருந்தது.

சிறு எண்களின் நிலை வேறொன்று. பெரும் அந்தமானியர் 43இலிருந்து 44 ஆயினர். இதனை 2.3 விழுக்காட்டு வளர்ச்சி எனக் கூறுவது கணக்களவில் சரியே. ஆனால் அது ஒரே ஓர் உயிரின் வேறுபாடு. ஆகவே இத்தகைய அட்டவணைக்குரிய கோவை பின்வரும் வரிசையில் அமைதல் நன்று:

(அ) இரு ஆண்டுகளின் எண்களுள் ஒன்றேனும் வெற்றாயின், "தரவு இல்லை";
(ஆ) இரு ஆண்டுகளிலும் முறை = "நேரடி" எனக் குறிக்கப்பட்டு, முதலாண்டின் எண் 100க்குக் குறையாதிருப்பின், விழுக்காடு;
(இ) இரு ஆண்டுகளிலும் முறை = "நேரடி" எனக் குறிக்கப்பட்டிருப்பின், எண்களின் வேறுபாடு மட்டும்;
(ஈ) ஏனைய நிலைகளில், "கணிக்கத்தக்கதன்று".

நூறு என்னும் எல்லை இங்கு எடுத்துக்காட்டாகவே கொள்ளப்பட்டது. இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. வெற்றா என்னும் சோதனை முதலில் வரவேண்டும். அதனையும் சமக்குறியால் எழுதாது, வெற்றினை அறிவதற்கென்றே மென்பொருளில் அமைந்த சொல்லால் எழுதவேண்டும். ஏனெனில் வெற்றினை எதனோடு சமன்படுத்தினும் விடை 'அறியப்படவில்லை' என்பதே. அடுத்து, முறை குறிக்கப்படாத பதிவுகள் தாமே இறுதி உறுப்புக்குச் சென்றுவிடும். அங்கு எச்சரிக்கையான விடை காத்திருப்பதால் தீங்கு நேர்வதில்லை. எதனை உறுதியாகக் கூறுகிறோமோ அதனை நிபந்தனைக்கு உட்படுத்துதலும், எதனையும் உறுதியாகக் கூறாத விடையை இறுதியில் வைத்தலும் இதன் நெறியாகும்.

6. சொற்பதிவில் வெற்றுப் புலம்

மக்கள் எண்ணிக்கையை அடுத்த கணக்கெடுப்பில் திருத்தலாம். சொற்பதிவில் அவ்வாய்ப்பு எப்போதும் கிட்டுவதில்லை. அன்விதா அப்பி 2013ஆம் ஆண்டு வெளியிட்ட பெரும் அந்தமானிய இலக்கணம், அம்மொழியில் பிரிக்கவியலா உடைமை உடற்பகுதிகளை அடிப்படையாகக் கொண்ட ஏழு வகுப்புகளாகப் பகுக்கப்படுவதை விளக்குகிறது. வாய், வெளியுறுப்புகள், உள்ளுறுப்புகள், கைகால் விரல்கள் முதலியவற்றைச் சார்ந்து வெவ்வேறு ஒட்டுகள் வருகின்றன. அத்தகைய மொழிக்கு அமைக்கும் சொற்றளத்தில் 'உடைமை வகுப்பு' என்னும் புலம் இருப்பதாகக் கொள்வோம். வகுப்பு எழுதப்பட்டிருப்பின் "பிரிக்கவியலா உடைமை", ஏனைய நிலைகளில் "பிரிக்கத்தகு உடைமை" எனக் கோவை எழுதினால், கள ஆய்வில் உடைமை வடிவம் கேட்கப்படாத பெயர்ச்சொற்கள் அனைத்தும் பிரிக்கத்தகு உடைமையாக எண்ணப்படும். பின்னர் அவ்வெண்ணிக்கையை நம்பி ஒருவர் அம்மொழியின் இயல்பு பற்றி முடிவு கூறவும் கூடும்.

போ மொழியைப் பேசிய இறுதியானவராகிய போவா சீனியர் 2010 ஜனவரி 26ஆம் நாள் மறைந்தார். அவரிடம் கேட்டுப் பதியாத வடிவத்தை இனி எவரிடமும் கேட்டறிய இயலாது. இந்நிலையில் வெற்றுப் புலம் என்பது பின்னர் நிரப்பத்தக்க இடமன்று. 'இது கேட்கப்படவில்லை' எனக் கூறும் ஒரே சான்று அதுவாகும். அதனை 'இல்லை' என மாற்றிவிடும் கோவை அச்சான்றை அழிக்கிறது.

7. முடிவுரை

தமிழில் 'இல்லை' என்னும் ஒரு சொல் பல பணிகளைச் செய்கிறது. எண்ணிப் பார்த்து எதுவும் காணப்படாமை, அவ்வினா அச்சொல்லுக்குப் பொருந்தாமை, வினவப்படாமை ஆகிய மூன்றையும் பேச்சுவழக்கில் 'இல்லை' என்றே கூறிவிடுகிறோம். தரவுத்தளத்தில் அவை பிரித்துணரப்படல் வேண்டும். முதலாவதைச் 'சுழியம்' எனவும், இரண்டாவதைப் 'பொருந்தாது' எனவும், மூன்றாவதைக் 'கேட்கப்படவில்லை' எனவும் புலத்திலேயே குறிப்பது தக்கது. அவ்வாறு குறித்தபின் எஞ்சும் வெற்றுப் புலம், தொகுப்பாளர் இன்னும் கவனிக்காத இடத்தை மட்டுமே சுட்டும்.

மென்பொருள் விளக்கங்களைத் தமிழாக்குவோர் 'எல்ஸ்' என்பதற்கு 'ஏனைய நிலைகளில்' என்னும் தொடரை ஆளலாம். 'இல்லையேல்' என்பதை, நிபந்தனை மெய் அல்லது பொய் என்னும் இரு நிலைகளில் ஒன்றாகவே இருக்கும் என உறுதியாகத் தெரிந்த இடங்களுக்கு வரையறுத்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான பதிவுகள் உள்ள பெருமொழிகளின் சொற்றளங்களில் ஓரிரு வெற்றுப் புலங்கள் தவறாக வகைப்படுத்தப்பட்டாலும் முடிவுகள் பெரிதும் மாறுவதில்லை. நாற்பத்து நான்கு பேர் கொண்ட இனத்தின் மொழியில் ஒவ்வொரு பதிவும் கணக்கில் நிற்கிறது. ஆகவே அத்தகைய மொழிகளின் தரவுகளைக் கையாள்வோர் தாம் எழுதும் கோவையின் மூன்றாம் உறுப்பையே முதலில் ஆராய்தல் வேண்டும்.