பூட்டச் சொல்லும் விதியும் பதிவுசெய்யும் உரிமையும்

சங்கரன்கோவிலில் கேபிள் இணைப்பு உள்ள வீடுகளில், சீரியலோ கிரிக்கெட்டோ ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் நீளமான எண் ஒன்று தோன்றி மறைவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஏதோ சிக்னல் கோளாறு என்று விட்டுவிடுவது வழக்கம். அது அந்த வீட்டு செட்டாப் பாக்ஸின் அடையாள எண். யாராவது திரையைப் படம்பிடித்து வெளியே விட்டால், எந்தப் பெட்டியிலிருந்து போனது என்று கண்டுபிடிக்கக் கேபிள் நிறுவனம் அனுப்புவது. பார்ப்பவர் அதை நிறுத்திவிட முடியாதபடி பெட்டி இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பதிவுசெய்யும் வசதியுள்ள பெட்டியில் நகல் தடுப்பு ஏற்பாடு இருந்தாக வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. ஆடித்தபசுத் திருவிழா ஒளிபரப்பைப் பென் டிரைவில் பதிவுசெய்து வெளியூரில் இருக்கும் மகளின் லேப்டாப்பில் போட்டால் ஓடவில்லையா? காரணம் பெரும்பாலும் இந்தப் பூட்டாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. ஒளிபரப்பை ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காகப் பதிவுசெய்வது உரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 39ஆவது பிரிவில் தெளிவாகவே சொல்கிறது. பாடம் நடத்தவும் ஆராய்ச்சிக்கும் பதிவுசெய்வதற்கும் அதே பிரிவு இடம் தருகிறது. 2012இல் இந்தச் சட்டத்தில் 65ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். ஆனால், உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம். சட்டம் தடுக்காத காரியத்துக்காகத் திறந்தால் குற்றமில்லை. ஆக, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் செய்பவரின் நோக்கத்தைப் பார்க்கிறது. பெட்டிக்குள் இருக்கும் பூட்டுக்கு நோக்கம் தெரியாது. திருட்டு விசிடி போடுபவரையும் பேரனின் பள்ளிக்காகப் பதிவுசெய்யும் தாத்தாவையும் அது ஒரே மாதிரிதான் தடுக்கும். காகிதத்தில் இருக்கும் உரிமை வீட்டுக்கு வருவதற்குள் காணாமல் போகிறது என்றால், கேள்வி கேட்க வேண்டியது பூட்டு போடச் சொல்லும் விதியைத்தான்.

விதிவிலக்குத்தான் இருக்கிறதே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். அந்த விதிவிலக்கு நடைமுறையில் எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள். நியாயமான காரணத்துக்காக ஒருவருக்குப் பூட்டைத் திறந்துகொடுக்கும் எவரும், அவருடைய பெயர், முகவரி, நோக்கம் அனைத்தையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று 65ஏ நிபந்தனை போடுகிறது. ஒரு சின்ன ஊரின் டிவி மெக்கானிக் இந்தத் தலைவலியைத் தேடிப் போவாரா? பிரிட்டனில், பூட்டு தன் சட்டப்பூர்வ உரிமையைத் தடுக்கிறது என்று அரசிடம் முறையிட ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. நம் சட்டத்தில் பூட்டியவரைத் திறக்கச் சொல்லும் ஏற்பாடு கிடையாது.

பூட்டின் சாவி வேறொருவர் கையில் இருப்பதன் ஆபத்து பதிவுசெய்வதோடு முடிவதில்லை. மென்பொருள் வழங்கிய தனியார் தரப்போடு எழுந்த பிரச்சினையால் 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு கேபிளின் பல லட்சம் இணைப்புகள் முடங்கின. வீட்டில் இருந்த பெட்டிகள் பழுதாகவில்லை. அனுமதி வரவில்லை, அவ்வளவுதான். ஆபரேட்டரை மாற்றினால் பழைய பெட்டி பயன்படாமல் போவதற்கும் இதே பூட்டு முறைதான் வேர். எந்த நிறுவனத்தின் சேவைக்கும் பொருந்தும் பெட்டிகள் வேண்டும் என்று டிராயே 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது.

திருட்டுப் பதிப்பால் சினிமாத் தொழில் அழிகிறதே என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. தமிழ்ப் படங்கள் வெளியான அன்றே இணையத்தில் வந்துவிடுவதும், அதனால் தயாரிப்பாளர் முதல் தியேட்டர்காரர் வரை நஷ்டப்படுவதும் உண்மை. ஆனால் முதல் நாள் வரும் அந்தப் படம் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்ததல்ல. டிவிக்கு வருவதற்கு வெகு முன்பே தியேட்டரில் கேமரா வைத்தோ, தயாரிப்பு வேலைகளின் இடையில் கசிந்தோ வெளியேறியது. அதற்குரிய மருந்தும் சட்டத்தில் இருக்கிறது. 2023இல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராஃப் சட்டம், தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்பவருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. திருடுபவரைப் பிடிக்கும் இந்த வழியை உறுதியாக நடத்தாமல் எல்லா வீட்டுப் பெட்டியையும் பூட்டுவதால் நஷ்டம் நேர்மையான சந்தாதாரருக்குத்தான்.

மக்கள் பேசினால் இத்தகைய விதிகள் மாறும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. டிஜிட்டல் கருவிகள் எல்லாவற்றிலும் நகல் தடுப்பு கட்டாயம் என்று செனட்டர் ஃபிரிட்ஸ் ஹாலிங்ஸ் 2002இல் அமெரிக்க செனட்டில் கொண்டுவந்த மசோதா, பலத்த எதிர்ப்பில் நிறைவேறாமலே போனது. அடுத்து, அதே நாட்டில் டிவி கருவிகளில் ஒளிபரப்புப் பூட்டைக் கட்டாயமாக்கிய அரசு ஆணையை நூலகர் சங்கங்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயின. 2005 மே மாதம் அது ரத்தானது. இந்தியாவிலும் 2010 மசோதா பிரெயில் போன்ற தனி வடிவங்களுக்கு மட்டுமே எளிதான விலக்குத் தந்தபோது பார்வையற்றோர் அமைப்புகள் போராடின. 2012 சட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்த எந்த வடிவத்துக்கும் விலக்கு கிடைத்தது அதன் பலன்.

இப்போது செய்யக்கூடியது என்ன? பெட்டி வாங்கும் முன்பே, பதிவுசெய்தது வேறு கருவியில் ஓடுமா, ஆபரேட்டரை மாற்றினால் பெட்டி பயன்படுமா என்று கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள். சொன்ன வசதி இல்லையென்றால் முதலில் கேபிள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மையத்திலும், அடுத்து நோடல் அதிகாரியிடமும் புகார் செய்து புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே வழக்குப் பதிவுக்குக் கட்டணம் இல்லை. விதியே தவறு என்றால் புகார் போதாது. புதிய விதிக்கு முன் டிராய் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு எல்லோரிடமும் கருத்துக் கேட்கிறது; ஊர் நூலக வாசகர் வட்டமும் நுகர்வோர் மன்றமும் அதற்கு எழுதலாம். எழுதும்போது ஒரே கோரிக்கை போதும்: 39ஆவது பிரிவு தந்த உரிமையைப் பூட்டு தடுக்கும் இடத்தில், அதைத் திறந்துகொடுக்கும் கடமை பூட்டிய நிறுவனத்துக்கு இருக்க வேண்டும்.