மித்தி நதியும் மும்பை மாநகரும்

மும்பையின் ஊடே பாயும் மித்தி நதி ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நீளமே உடையது. விஹார், பவாய் ஆகிய இரு ஏரிகளின் உபரி நீரால் உருவாகும் இந்நதி, விமான நிலையத்தை ஒட்டிச் சென்று, குர்லா, தாராவி வழியே மாகிம் கழிமுகத்தை அடைந்து அரபிக் கடலில் கலக்கிறது. மாநகரின் மழைநீரைக் கடலில் சேர்க்கும் முக்கிய வடிகால்களுள் இது ஒன்றாகும்.

இவ்வடிகாலின் திறன் கடலின் ஏற்ற வற்றத்தைப் பொறுத்தது. வற்றத்தின்போது வெள்ளம் தடையின்றி வெளியேறும். ஏற்றத்தின்போதோ கடல்நீர் நதிக்குள் எதிர்த்து ஏறுவதால், வாயில் அடைபட்டது போலாகிவிடும். அந்தச் சில மணி நேரம் வெள்ளத்தைத் தாங்குபவை நதியின் அகலமும், கரையோரச் சதுப்பும், அலையாத்திக் காடுகளுமேயாகும். ஒரு நீர்த்தேக்கத்தின் பணியை இவை செலவின்றிச் செய்து வருகின்றன எனலாம்.

இந்நிலம் படிப்படியாகச் சுருங்கியது. சதுப்பு தூர்க்கப்பட்டு பாந்திரா-குர்லா வணிக வளாகம் எழுந்தது. ஓடுபாதைக்காக நதியின் போக்கு வளைக்கப்பட்டது. பட்டறைகளும் குடிசைகளும் கரையை நெருக்கின. குப்பையும் ஆலைக் கழிவும் படுகையை மேடாக்கின. எனவே, பிழைப்பு நாடி வந்த குடிசைவாசிகள் மீது மட்டும் பழி சுமத்துவது பொருந்தாது.

2005 ஜூலை 26 அன்று இதன் விளைவு வெளிப்பட்டது. சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. பழைய வடிகால்களோ மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கே அமைக்கப்பட்டவை. கடல் ஏற்றமும் உடன் சேர, குர்லா, கலீனா முதலிய பகுதிகள் மூழ்கின. மாநகரில் 400க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதே ஆண்டு ஆகஸ்டில் மித்தி நதி வளர்ச்சி, பாதுகாப்பு ஆணையத்தை மகாராஷ்டிர அரசு அமைத்தது. நதியை அகலப்படுத்தவும், தூர் வாரவும், கரைச்சுவர் எழுப்பவும் பெருந்தொகை செலவிடப்பட்டது. செலவின்றிக் கிடைத்துவந்த பணியை இவ்வாறு விலை கொடுத்துப் பெற வேண்டியதாயிற்று.

பொருளாதார மாணவர்களும் திட்ட அதிகாரிகளும் கருத வேண்டியது இதுவே. தூர்த்த நிலத்தின் விலை கணக்கேட்டில் வரவாக ஏறுகிறது. இழந்த கொள்ளளவு செலவாக ஏறுவதில்லை. அச்செலவை, நிலத்தால் பயன்பெற்றோரைவிட, தாழ்ந்த பகுதிகளில் வாழும் எளியோரே பெரிதும் ஏற்கின்றனர். ஆற்றோர நிலம் பற்றிய ஒவ்வொரு திட்ட மதிப்பீட்டிலும் இச்செலவைச் சேர்ப்பது இன்றியமையாததாகும்.