ஆட்டக்காரரின் மூச்சை அளத்தல்

கால்பந்தாட்டத்தின் 90 நிமிஷங்களில் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை கடக்கிறார் என்றாலும், நடையும் மெல்லோட்டமும் திடீர்ப் பாய்ச்சலும் கணந்தோறும் மாறி மாறி வருவதால், ஒரே சீராக ஓடுகிறவனுக்கு ஏற்படும் சிரமமும் இவருக்கு ஏற்படும் சிரமமும் ஒரு ஜாதியைச் சேர்ந்தவை அல்ல.

தேகம் ஒரு நிமிஷத்தில் அதிகபட்சம் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த வல்லது என்பதை, 1920-களில் இங்கிலாந்தின் ஏ. வி. ஹில் முதலியோர் வகுத்த வழியில், இன்றும் ஆய்வுக்கூடத்தில் முகமூடி அணிவித்து, ஓடுபட்டையில் ஓடவிட்டு அளக்கிறார்கள். நல்ல ஆட்டக்காரரிடம் அது உடல் எடையில் கிலோ ஒன்றுக்குப் பெரும்பாலும் 55 முதல் 65 மில்லிலிட்டர் வரை இருக்கும். ஆனால் பாய்ந்து களைத்தபின் எத்தனை சீக்கிரம் மீள்கிறார் என்பதே மைதானத்தில் முக்கியமாதலால், அந்த எண் ஒன்றே போதாது.

இக்குறையை உணர்ந்தவர், தாமே கால்பந்து ஆடியவரான டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ. அவர் வகுத்த 'யோ-யோ' பரீட்சைக்கு 20 மீட்டர் இடைவெளியில் இரு கோடுகளும் ஓர் ஒலிப்பதிவுமே சாதனம். 'பீப்' என்ற ஓசை கேட்டதும் புறப்பட்டு, அடுத்த ஓசைக்குள் எதிர்க்கோட்டை மிதித்துத் திரும்பி, மூன்றாவது ஓசைக்குள் வந்து சேர வேண்டும். பிறகு 10 விநாடி, பின்னாலுள்ள 5 மீட்டர்த் தூரத்தை மெல்லப் போய்வந்து மூச்சு வாங்கலாம். மணிக்கு 10 கிலோமீட்டரில் தொடங்கும் வேகம் படிப்படியாக ஏற, இளைப்பாறும் நேரம் மட்டும் மாறுவதில்லை. முதல் முறை பிந்தினால் எச்சரிக்கை, இரண்டாம் முறை பிந்தினால் முடிவு; அதுவரை ஓடிய தூரமே மதிப்பெண். இதில் நெடுந்தூரம் சென்றவர்களே ஆட்டத்திலும் மிகுதியாக வேக ஓட்டம் ஓடினார்கள் என்று ஆய்வில் கண்டது, என் அபிப்பிராயத்தில், இம்முறைக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்று.

சக்தியை அளந்தால் போதுமா? அன்றாடப் பயிற்சியின் பாரத்தையும் அறிய வேண்டும். இருதயத் துடிப்பையும் ஓடிய தூரத்தையும் கருவிகள் சொல்லிவிடும். ஆயினும் அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டர், பயிற்சி முடிந்து அரைமணி கழித்து ஆட்டக்காரரையே விசாரிக்கும் வழியைக் காட்டினார். சிரமத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று அவர் சொல்லும் எண்ணைப் பயிற்சி நிமிஷங்களால் பெருக்குவதே கணக்கு. ஒரே 90 நிமிஷப் பயிற்சிக்கு ஒருவர் 4 என்றால் 360, மற்றொருவர் 7 என்றால் 630. பின்னவருக்கு மறுநாள் பயிற்சியைக் குறைக்கலாமா என்று பயிற்சியாளர் யோசிப்பார். இக்கேள்வியைத் தனியே அழைத்துக் கேட்பதுதான் நல்லது. மூத்த ஆட்டக்காரர்களின் காதுபடக் கேட்டால், களைத்துப்போன இளைஞனும் கூசிக்கொண்டு எண்ணைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடும்.