அஞ்சடி ஓரத்துக் கடையும் பற்று நோட்டும்: போருக்கு முந்திய லூமுட் வட்டாரம்

லூமுட் படகுத்துறையில் பங்கோர் போகும் படகுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இன்று எதிரே பேரங்காடியும் உண்டு, 24 மணி நேரக் கடையும் உண்டு. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், அதாவது 1918க்கும் 1941க்கும் நடுவே, அந்த வேலையை எல்லாம் பார்த்தது தெருமுனையில் இருந்த ஒரே ஒரு சில்லறைக் கடைதான். அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு, தைலம், கடன், செய்தி எல்லாம் அங்கேதான் கிடைத்தன.

அப்போதைய லூமுட் பேராக் மாநிலத்தைச் சேர்ந்ததல்ல என்பது இன்றைய இளையோர் பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1874 பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு லூமுட்டும் பங்கோரும் அடங்கிய டிண்டிங்ஸ் பகுதி, பினாங்கு, சிங்கப்பூர், மலாக்காவோடு நீரிணைக் குடியேற்றங்களின் ஆட்சியில் இருந்தது. 1935இல்தான் அது பேராக்கிடம் திரும்ப வந்தது. ரயில் பாதை லூமுட்டை எட்டவே இல்லை. பினாங்கிலிருந்து கடல் வழியாக வந்த சரக்குதான் கடைக்காரருக்கு உயிர்நாடி. ரங்கூன் அரிசி வந்தது, நாகப்பட்டினம் கப்பலில் பினாங்கு வந்த மிளகாயும் மல்லியும் பருப்பும் வந்தன. நெத்திலிக்கு மட்டும் எங்கும் போக வேண்டியதில்லை, எதிரே பங்கோர் இருந்தது.

கடையின் அமைப்பையும் சொல்ல வேண்டும். முகப்பு குறுகலாக, உட்புறம் நீளமாக, கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும். முன்னால் வெயிலும் மழையும் படாமல் நடக்க ஓர் அஞ்சடி. 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில் தொடங்கிய இந்த நடைபாதை பிறகு மலாயா ஊர்களுக்கெல்லாம் பரவியது. முனைக் கடைக்கு ஒரு கூடுதல் வசதி: இரண்டு தெருவையும் பார்த்து வாசல். அதனால்தான் முனையைப் பிடிக்கப் போட்டி. இரவில் கதவுக்குப் பதில் வரிசையாக நிறுத்திய பலகைகள். காலையில் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றும் சத்தம் கேட்டால் கடை திறந்துவிட்டது என்று தெரு முழுவதும் தெரிந்துவிடும்.

உள்ளே நிறுவை எல்லாம் டாச்சிங்கில்தான். 16 தாயில் ஒரு கட்டி, 100 கட்டி ஒரு பிக்குல். ஒரு கட்டி இன்றைய கணக்கில் ஏறக்குறைய 605 கிராம். அரிசிக்குச் சுப்பாக்கும் காந்தாங்கும் உண்டு, நாலு சுப்பாக் ஒரு காந்தாங். கிலோ கணக்கு வந்தது 1970களுக்குப் பிறகுதான். இன்றும் சந்தையில் 'ஒரு கட்டி என்ன விலை' என்று கேட்கும் பாட்டிமார் அந்தக் கடையின் வாரிசுகள். அலமாரியில் புலி மார்க் தைலமும் கோடாலித் தைலமும் இடம்பிடித்ததும் இதே காலத்தில்தான். ரங்கூனில் பிறந்த புலித் தைலம் 1926இல் சிங்கப்பூருக்கு இடம் மாறியது. கோடாலித் தைலம் 1928இல் அங்கேயே தொடங்கியது. பால்வெட்டி முடித்து இடுப்பு வலியோடு வந்தவர்களுக்கு மருத்துவமனையைவிட இந்தச் சின்னப் புட்டிகள்தான் பக்கம்.

கடை நடத்தியவர்கள் ஒரே இனத்தார் அல்லர். 1903இல் ஃபூச்சாவ் சீனர்கள் சித்தியவானில் குடியேறிய பிறகு இந்த வட்டாரத்தில் தவுக்கே கடைகள் பெருகின. தமிழ் முஸ்லிம்களின் கடைகளும் இருந்தன. தோட்டத்துக்குள் நிலைமை வேறு. துரையின் அனுமதி பெற்ற ஒருவர்தான் அங்கே கடை வைக்கலாம். பல தோட்டங்களில் அது கங்காணியின் கடை, அல்லது கங்காணியின் உறவினர் கடை. ஆள் சேர்த்தவர், வேலை வாங்கியவர், கடன் கொடுத்தவர் எல்லாம் ஒருவரே என்றால் விலையைப் பற்றி யார் கேட்பது? டவுன் கடைக்குப் பல மைல் நடந்து போனவர்கள் கால் வலிக்காமலா போனார்கள்? பழைய கடைகளைப் பற்றிப் பேசும்போது நாம் இதை மறந்துவிட்டு, வெறும் இனிய நினைவாக மட்டும் பேசுவது சரியல்ல. அடுத்த வாசல் பெரும்பாலும் கள்ளுக்கடை. 1941 கிள்ளான் வேலை நிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று.

இந்தக் கடைகளின் உண்மையான சரக்கு கடன்தான். சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை, அடுப்போ தினமும் எரிய வேண்டும். இடையில் நின்றது பற்று நோட்டு. போருக்குப் பிந்திய தலைமுறை அறிந்த 555 நோட்டு அதன் பேரப்பிள்ளை.

அந்த நோட்டுக்கு மிகக் கடுமையான சோதனை 1930களின் தொடக்கத்தில் வந்தது. 1920களின் கடைசியில் முக்கிய தோட்ட வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நாள் கூலி நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ரப்பர் விலை விழுந்ததும் அது 40, 32 ஆனது. பிறகு 28, 24 வரை இறங்கியது. 26 நாள் முழு வேலை கிடைத்தால்கூட 13 வெள்ளி வாங்கிய ஆண் 7 வெள்ளி 28 காசோடு வீடு திரும்பினார். முழு வேலையும் கிடைக்கவில்லை. 1930க்கும் 1932க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

கப்பல் ஏறியவர் பெயரில் இருந்த பற்று என்னவாகும்? அதைக் கேட்டு நாகப்பட்டினம் வரை யாரும் போக முடியாது. கடைக்காரர் பினாங்கு மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி மட்டும் அப்படியே நிற்கும். லயத்தில் தங்கிவிட்டவர்களுக்குத் தொடர்ந்து கடன் கொடுப்பதா, கதவுப் பலகையைப் போட்டுவிட்டு வேறு தொழில் பார்ப்பதா என்பது ஒவ்வொரு கடைக்காரரும் தனியாக முடிவெடுக்க வேண்டிய விஷயமாக இருந்தது.

செய்தியும் கடை வழியாகத்தான் பரவியது. 'தமிழ் நேசன்' 1924இல் கோலாலம்பூரிலும் 'தமிழ் முரசு' 1935இல் சிங்கப்பூரிலும் தொடங்கின. எழுத்துத் தெரிந்த ஒருவர் அஞ்சடிப் பெஞ்சில் உட்கார்ந்து உரக்கப் படித்தால் ஒரு தாள் இருபது பேருக்குப் போதும். கடைக்காரருக்கும் லாபம்தான், கேட்க வந்தவர் வெறுங்கையோடு போவதில்லை, ஒரு சுருட்டோ வெற்றிலையோ வாங்குவார்.

ஜப்பானியர் ஆட்சியில் அரிசி பங்கீட்டுக்குப் போனது, நோட்டுக் கணக்கும் வாழைமர நோட்டில் மதிப்பிழந்தது. ஆனால் கட்டடங்கள் நின்றன. அவற்றை இத்தனை காலம் காப்பாற்றியது பெரும்பாலும் வாடகைச் சட்டம். 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உயர்த்தவிடாமல் தடுத்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1997இல் நிறைவேறிய ரத்துச் சட்டத்தின்படி 2000ஆம் ஆண்டு முதல் இல்லாமல் போனது. அதன் பிறகு நாட்டின் பல நகரங்களில் பழைய வாடகையில் காலந்தள்ளிய சிறு கடைக்காரர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. 2005இல் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்தது. அது பட்டியலில் ஏறிய கட்டடத்தைத்தான் காக்கும். சின்ன ஊர் முனைக் கடை அந்தப் பட்டியலை எட்டுவது அரிது.

கடை காலி செய்யும்போது முதலில் பழைய இரும்புக்குப் போவது டாச்சிங். நோட்டுகள் குப்பைக்குப் போகின்றன. கரையான் அரிக்காத ஒன்று எந்த வீட்டிலாவது பரணில் கிடந்தால், 1930களில் ஒரு குடும்பம் மாதத்துக்கு எவ்வளவு அரிசி வாங்கியது, எந்த மாதம் எதையெல்லாம் நிறுத்தியது என்று அதில் பார்க்கலாம்.